ஆட்டிசம்: சின்ன வயதிலேயே தொடங்கும் பயிற்சி பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது அவனுக்கு 2 வயது 9 மாதம். இப்போது 13 வயது. அவனுக்காகப் படிக்க ஆரம்பித்தவள், சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்தேன். சனிக்கிழமைகளில் புதிதாக வரும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையை நேரில் பார்ப்பவர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. ஆனால் டிவியில் விளம்பரம் வந்தால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறான். இது ஆட்டிசமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதலில் காது கேட்கிறதா என்று ஆடியாலஜிஸ்டிடம் பரிசோதியுங்கள். விளம்பரத்துக்கு ஓடி வருகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு.

காது சரியாக இருந்தால் மற்றவற்றைப் பாருங்கள். 9 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் பெயர் கேட்டால் திரும்பும். ஒரு வயதில் டாட்டா காட்டும், தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டும். விரல் நீட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. பிஸ்கட் வேண்டும் என்று டப்பாவைக் காட்டுவது ஒன்று. மதில் மேல் உட்கார்ந்த காக்காவைக் காட்டிவிட்டு, "நீயும் பார்த்தியா?" என்பதுபோல அம்மா முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைதான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் தாமதமாக வரும், அல்லது வராமலே இருக்கும். முன்பு பேசிய நாலைந்து சொற்கள் நின்றுபோனாலும் உடனே காட்ட வேண்டும்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. தமிழிலும் கிடைக்கிறது, இலவசம். அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை, முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

"அவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்கிறார் மாமியார். கொஞ்ச நாள் பார்க்கலாமா?

வேண்டாம். எனக்கு இதையே ஒரு டாக்டர் சொன்னார். "ஆம்பளப் பையன், மெதுவாத்தான் பேசுவான்" என்றார். நம்பி எட்டு மாதம் வீட்டில் இருந்தோம். அந்த எட்டு மாதத்தை நினைத்து நான் அழாத வருடம் இல்லை.

தாமதமாகப் பேசி எல்லாம் சரியாகிப்போன குழந்தைகள் நிறைய உண்டு, மாமியார் சொல்வது பொய் இல்லை. ஆனால் பேச்சு மட்டும் தாமதமான குழந்தை கையைக் காட்டும், முகத்தைப் பார்க்கும், நம்மை இழுத்துப் போய் ஏதாவது விளையாடும். பேச்சோடு இவையும் இல்லை என்றால் காத்திருப்பதில் லாபமே இல்லை. பயிற்சியைத் தொடங்கிய பிறகு ஆட்டிசம் இல்லை என்று தெரிந்தால் என்ன நஷ்டம்? குழந்தையோடு நாலு மாதம் நன்றாக விளையாடியிருப்பீர்கள்.

டாக்டர் ஆட்டிசம் என்று எழுதித் தந்த பிறகுதான் பயிற்சியைத் தொடங்க முடியுமா?

இல்லை. சந்தேகம் வந்த வாரமே தொடங்கலாம்.

சீக்கிரம், சீக்கிரம் என்கிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்வது நாம் சொல்லிக் கொடுத்து அல்ல. நாம் பார்ப்பதை அது பார்க்கிறது, நாம் சொல்வதை அந்தப் பொருளோடு சேர்த்துக்கொள்கிறது. ஒரு நாளில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நம் முகத்தைவிட ஃபேன் சுற்றுவது சுவாரசியம். அதனால் இந்த நூற்றுக்கணக்கான வாய்ப்புகளில் பெரும்பாலானவை கை நழுவிப் போகின்றன. மூளையில் இணைப்புகள் வேகமாக உருவாகும் முதல் சில வருடங்களிலேயே அவற்றை மீட்டுக் கொடுப்பதுதான் ஆரம்பகாலப் பயிற்சி. இரண்டு வயதுக் குழந்தையை மேஜை முன் உட்கார வைத்துப் பாடம் நடத்துவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது இல்லை. குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டும், அது சீக்கிரம் தொடங்க வேண்டும்.

குணமாகிவிடுமா?

ஆட்டிசம் காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோய் இல்லை, குழந்தையின் மூளை வேலை செய்யும் விதம். பயிற்சியால் மாறுவது, அந்தக் குழந்தை தனக்கு வேண்டியதைச் சொல்ல முடிவது, தானே சாப்பிடுவது, பாத்ரூம் போவது, கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டாமல் இருப்பது, மற்ற பிள்ளைகளோடு இருக்க முடிவது. சில குழந்தைகள் வளர்ந்த பிறகு வித்தியாசமே தெரியாது. சிலருக்கு வாழ்நாள் முழுக்க உதவி தேவைப்படும். இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து இவன் எந்தப் பக்கம் போவான் என்று யாராலும் சொல்ல முடியாது. "ஆறு மாதத்தில் குணப்படுத்துகிறோம்" என்று போர்டு வைத்திருக்கும் இடத்துக்குள் காலை வைக்காதீர்கள்.

பேசுவானா?

எல்லோரும் கேட்பது இதைத்தான், பெரும்பாலும் வாசலில் செருப்பு போடும்போது, மெதுவான குரலில். 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 4 வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 குழந்தைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். 8 வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது அவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள். ஆகவே 4 வயதில் பேச்சு இல்லை என்று நம்பிக்கையை விட வேண்டாம். மீதி 30 சதவீதம் பேர் பக்கத்தில் உங்கள் குழந்தை இருந்தாலும், பேச்சு இல்லாமல் தன்னை வெளிப்படுத்த வழிகள் இருக்கின்றன. கீழே சொல்கிறேன்.

வாரத்துக்கு 40 மணி நேரம் தெரபி வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

அந்த 40-க்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1987-ல் ஐவர் லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பிஹேவியர் பயிற்சி, அதாவது நடத்தையைப் பழக்கும் பயிற்சி கொடுத்ததில் 9 பேர் சாதாரணப் பள்ளி முதல் வகுப்பை முடித்தார்கள் என்று எழுதினார். அதிலிருந்து அந்த எண் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. எந்தக் குழந்தைக்கு அந்தப் பயிற்சி என்று குலுக்கல் முறையில் பிரிக்காத, சின்ன ஆய்வு அது. அதில் குழந்தைகளை அதட்டினார்கள், தொடையில் அடித்தார்கள். இன்று அதை யாரும் ஏற்கக் கூடாது.

சின்னக் குழந்தைகளுக்கான டென்வர் என்ற பயிற்சி முறை பற்றி 2010-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்துக்கு வாரம் சுமார் 15 மணி நேரம் தெரபிஸ்ட்டும், அதற்கு மேல் வீட்டில் பெற்றோரும் விளையாட்டாகவே பயிற்சி கொடுத்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. 2024-ல் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்து 40 மணி நேரம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்காக இவ்வளவு சொல்கிறேன்.

நம் ஊருக்கு நெருக்கமான ஆய்வு இன்னொன்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். பெரிய நிபுணர்கள் யாரும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்று பேசினார்கள். 6 மாதத்தில் 12 அமர்வுகள்தான். குழந்தைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது.

ஸ்பீச், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), பிஹேவியர், ஸ்பெஷல் எஜுகேஷன்... எல்லாம் சேர்க்க வேண்டுமா?

குழந்தைக்கு இப்போது எது கஷ்டமோ அதிலிருந்து தொடங்குங்கள். தொடர்புகொள்வதற்கு ஸ்பீச் தெரபி. சத்தம், வெளிச்சம், சட்டை லேபிள், சோற்றின் பதம் இவற்றைத் தாங்க முடியாத குழந்தைக்கும், பட்டன் போட, பென்சில் பிடிக்க வராத குழந்தைக்கும் ஓ.டி. ஒரே நாளில் நாலு தெரபிக்கு நாலு பஸ் மாறிப் போகும் குழந்தை களைத்துத்தான் போகும், கற்காது.

வீட்டில் நான் என்ன செய்வது?

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் தெரபிஸ்ட். மீதி நேரமெல்லாம் நீங்கள்.

முதலில் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். "இது என்ன? சொல்லு. ஆப்பிள் சொல்லு." நாள் முழுக்க இப்படிப் பரீட்சை நடந்தால் எந்தக் குழந்தையும் நம்மை விட்டு ஓடும். தரையில் உட்காருங்கள். முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கட்டும். அவன் கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், நீங்களும் ஒரு காரை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அவன் போடும் சத்தத்தையே திருப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஓரக்கண்ணால் பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அப்புறம், குறைவாகப் பேசுங்கள். அவன் பார்க்கும் பொருளுக்கு, அவன் பார்க்கும் நேரத்தில், ஒரு சொல். "தண்ணி." "பந்து." ஒரு சொல் பேசும் குழந்தைக்கு இரண்டு சொல்: "தண்ணி குடு."

மூன்றாவது, காத்திருப்பது. பலூனைப் பாதி ஊதி நிறுத்துங்கள். ஊஞ்சலை இழுத்துப் பிடித்து, "ஒண்ணு... ரெண்டு..." சொல்லி நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலும், கையைத் தட்டினாலும், "ம்" என்றாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே விடுங்கள். பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும். நம் பாட்டிகள் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு கொடுத்து, பிறகு நண்டு கை மேலே ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவார்களே, அதைவிட நல்ல பயிற்சியை நான் இதுவரை பார்க்கவில்லை. நண்டு முழங்கை வரை வந்து நிற்கட்டும். மேலே வா என்று குழந்தை சொல்லும்வரை காத்திருங்கள். தொட்டால் பிடிக்காத குழந்தை என்றால் மட்டும் இதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

இதற்கென்று தனியாக மணி நேரம் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது ஒவ்வொரு குவளைக்கும் நடுவே ஒரு நிறுத்தம். முறுக்கு டப்பாவை அவனால் திறக்க முடியாதபடி இறுக்கி மூடி, கண்ணில் படும்படி வைப்பது. இட்லியை முழுதாகக் கொடுக்காமல் ஒரு விள்ளல் கொடுத்து, அடுத்ததற்கு அவன் கேட்கும்படி விடுவது. இவற்றை அப்பாவும் தாத்தாவும் அத்தையும் செய்ய வேண்டும். அம்மா மட்டும் செய்தால் அம்மா ஆறு மாதத்தில் படுத்துவிடுவாள்.

போன் காட்டியதால்தான் இப்படி ஆனதா?

இல்லை. ஆட்டிசத்துக்குப் பெரும் பங்கு காரணம் பரம்பரைக் கூறுகள்தான் என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 1950, 60-களில் பாசமில்லாத அம்மாதான் காரணம் என்று மருத்துவர்களே சொன்னார்கள், எத்தனையோ தாய்மார்கள் நொந்து போனார்கள். இன்று அந்தப் பழி போன் வடிவில் வருகிறது. ஆனால் போனைக் குறைக்கத்தான் வேண்டும். போன் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும், மேலே சொன்ன கொடுக்கல் வாங்கல் நடக்காத மணி நேரம்.

தடுப்பூசி?

தயவுசெய்து எல்லாத் தடுப்பூசியும் போடுங்கள். 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்துக் கிளப்பிய பயம் அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

ஒரே மொழியில் பேசுங்கள், முடிந்தால் ஆங்கிலத்தில் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டால் எனக்கு மனது பொறுக்காது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு கெடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்குக் கொஞ்சவும் கோபப்படவும் வரும் மொழியில் பேசுங்கள். தமிழில் பேசும் ஆயாவும் தாத்தாவும் உள்ள வீட்டில் குழந்தைக்கு ஆங்கிலம் மட்டும் பழக்கினால், சொந்த வீட்டிலேயே அது தனியாகிவிடும்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் சோம்பேறியாகி, பேசாமலே இருந்துவிடுவானே?

அப்படி நடப்பதில்லை. படமோ, சைகையோ, டேப்லெட்டோ பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு கூடவே செய்திருக்கிறது. கேட்டால் கிடைக்கும் என்று புரிந்தபின் அழுகையும் கடியும் குறையும். பிரிட்ஜ் கதவில் தண்ணீர், பால், தயிர்ப் படங்களை ஒட்டித் தொடங்கலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் குரல் வரும், தமிழிலும் பயன்படுத்தலாம்.

கையை உதறுகிறாள், வட்டமாகச் சுற்றுகிறாள். தடுக்க வேண்டுமா?

அடிபடாதவரை விட்டுவிடுங்கள். அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் வழி அது. தாடையைப் பிடித்துத் திருப்பி, "கண்ணைப் பார்" என்பதும் வேண்டாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சிறுவயதில் அப்படிக் கட்டாயப்படுத்தியது எவ்வளவு வலித்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் கேட்க வேண்டும்.

ஸ்டெம் செல், ஆக்சிஜன் அறை, உடம்பிலிருந்து உலோகம் இறக்கும் மருந்து?

மூன்றும் வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் சொன்னது. உலோகம் இறக்கும் சிகிச்சையில் 2005-ல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் இறந்தே போனான். ஆட்டிசத்தின் அடிப்படைக்கு என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. தூக்கமின்மை, வலிப்பு, கடும் ஆத்திரம் போன்றவற்றுக்கு மருந்து உண்டு, டாக்டர் எழுதித் தந்தால் பயப்படாமல் கொடுங்கள். பாலையும் கோதுமையையும் நிறுத்தச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். தயிர்சாதம் மட்டுமே சாப்பிடும் குழந்தையிடமிருந்து தயிரையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

நல்ல சென்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"பயிற்சி நடக்கும்போது என்னை உள்ளே விடுவீர்களா?" என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோரை வராந்தாவில் உட்கார வைக்கும் இடத்தில் நீங்கள் எதையும் கற்க முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கும் சிறப்பாசிரியருக்கும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். மூன்று மாதத்துக்கான இலக்கை எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். குழந்தை அந்த வாசலைப் பார்த்தாலே அலறினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாரில் கொடுக்கப் பணம் இல்லை. அரசில் என்ன இருக்கிறது?

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அன்று குழந்தையைக் காட்டுங்கள். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். கேட்கும்போது "டி.இ.ஐ.சி. எங்கே?" என்றால் சீக்கிரம் வழி காட்டுவார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 6 வயது வரையான குழந்தைகளுக்கு ஆரம்பகால மையம் அங்கே 2021-லிருந்து நடக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டி வரும். அந்த நாட்களில் நண்டு ஊரட்டும்.

ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்களே?

அட்டை உங்கள் பீரோவில் இருக்கும், குழந்தையின் நெற்றியில் இருக்காது. ஊனமுற்றோருக்கான 1995-ன் பழைய சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016-ன் சட்டத்தில்தான் 21 வகை ஊனங்களில் ஒன்றாக வந்தது. பெற்றோர்கள் போராடி வாங்கிய உரிமை, வீணாக்காதீர்கள். சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீத ஊனம் என்ற சான்று தேவை. சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், பிறகு மறுபடி பார்ப்பார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

முதலில் அங்கன்வாடி, அல்லது பக்கத்துத் தெரு பால்வாடி. தினம் ஒரு மணி நேரம் போதும். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் இந்தக் காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் சேர்த்துவிட்டுக் கடைசி பெஞ்சில் விட்டுவிடுவதும் நடக்கிறது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், அவர்களைத் தேடிப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

இப்போதுதான் தெரிந்தது. 6 வயது ஆகிவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லவே இல்லை. கோவா ஆய்வில் 9 வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். என் மகன் ஷூ லேஸ் கட்டக் கற்றது 11 வயதில். இன்று தொடங்குங்கள்.

இரண்டாவது குழந்தைக்கும் வருமா?

ஏறக்குறைய ஐந்தில் ஒரு தம்பி தங்கைக்கு வரக்கூடும். ஆகவே இரண்டாவது குழந்தையை 9 மாதத்திலிருந்தே டாக்டர் கண்ணில் வைத்திருங்கள். அந்தக் குழந்தையோடும் நிறைய விளையாடுங்கள். பெரியவனின் தெரபிக்கு நடுவில் சின்னவள் மறந்துபோவது பல வீடுகளில் நடக்கிறது.

முன்னேற்றம் தெரியவே இல்லை. எதை வைத்துப் பார்ப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரவில் தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள், அன்று குழந்தை தானாகச் செய்த ஏதாவது ஒன்று. தினமும் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது, மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்தைப் புரட்டும்போது தெரியும். என் நோட்டில் முதல் பத்து நாட்கள் காலியாக இருக்கின்றன. பதினோராம் நாள் இப்படி எழுதியிருக்கிறேன்: "முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். மூடியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்."